ஆன்லைனில் பிளான் பாஸ்: டர்பனில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் டர்பனில் வீட்டுப் பிளான் வரைபவன். பிறந்து வளர்ந்தது சாட்ஸ்வர்த். தமிழ் எழுதப் படிக்கக் கற்றது கோயில் வகுப்பில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தால் யாராவது ஒருவர் போனை நீட்டுவார்: "தம்பி, கவுன்சில்லேருந்து ஈமெயில் வந்திருக்கு, என்னன்னு பாரு." முன்பெல்லாம் சுருட்டிய பிளானைக் கொண்டுவந்து மேசையில் விரிப்பார்கள். இப்போது எல்லாம் கைக்கடக்கமான திரையில் வருகிறது. கேள்விகள் மட்டும் மாறவில்லை. ஊரிலிருந்து வேலைக்கு வந்து இங்கே வீடு வாங்கியவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"என் சொந்த நிலம், என் சொந்தக் காசு. பிளான் பாஸ் பண்ணாமல் கட்டினால் என்ன?"

1977ஆம் ஆண்டின் 103ஆம் எண் சட்டம், அதாவது தேசியக் கட்டட விதிமுறைச் சட்டம், தென்னாப்பிரிக்கா முழுமைக்கும் பொருந்தும். அதன் 4ஆம் பிரிவு சொல்வது எளிது: உள்ளூராட்சியின், அதாவது நாம் கவுன்சில் என்று சொல்லும் நகராட்சியின், எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே இல்லாமல் கட்டடம் எழுப்பக்கூடாது. நிலம் யாருடையது என்பது அங்கே கேள்வியே இல்லை. மீறினால் குற்றம். அபராதம் ஒரு நாளைக்கு 100 ராண்டுக்கு மேல் போகாது என்று அதே பிரிவில் இருக்கிறது. 1977இல் அது பெரிய தொகை. இன்று ஒரு மூட்டை சிமெண்ட் விலை.

இதைக் கேட்டதும் "அவ்வளவுதானா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. அபராதத்தை விடுங்கள், 21ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் கட்டடத்தை இடிக்கச் சொல்ல முடியும். அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

"இப்போ எல்லாம் ஆன்லைன்தானே? கவுன்சில் ஆபீஸ் பக்கமே போக வேண்டாமா?"

எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. நாடு முழுவதற்கும் ஒரே போர்ட்டல் கிடையாது. கேப்டவுன் பல ஆண்டுகளாகவே தன் இணையச் சேவையில் பிளான் வாங்குகிறது. ஜோஹானஸ்பர்க் தனியாக ஒரு கட்டட அனுமதி மென்பொருள் வைத்திருக்கிறது. மற்ற பெருநகரங்களும் மெல்ல அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன. சின்ன ஊர்களில் இன்னும் கவுண்டர், முத்திரை, காகிதக் கட்டு. ஒரு ஊரில் வேலை செய்த முறையை இன்னொரு ஊரில் எதிர்பார்க்காதீர்கள். உங்கள் நகராட்சியின் தளத்தில் இன்றைய நடைமுறையைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

மாறியிருப்பது காகிதம் போகும் வழி. முன்பு பல பிரதிகள் எடுத்து, வண்ணம் தீட்டி, ஒவ்வொரு துறையாகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். இப்போது ஒரு பி.டி.எஃப். ஏற்றினால் தீயணைப்பு, சாக்கடை, நகரத் திட்டமிடல் எல்லோரும் ஒரே சமயத்தில் பார்க்கலாம். உங்கள் கோப்பு யார் மேசையில் தூங்குகிறது என்பதும் திரையில் தெரியும். எழுப்புகிற வேலை உங்களுடையதுதான்.

"நானே படம் வரைந்து அப்லோட் பண்ணிவிட்டால் காசு மிச்சம்தானே?"

கட்டடப் பிளானைச் சமர்ப்பிப்பவர் கட்டடக்கலைத் தொழில் மன்றத்தில் பதிவானவராக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் அதைச் சாகாப் என்பார்கள். அதில் நான்கு படி: ஆர்க்கிடெக்ட், சீனியர் டெக்னாலஜிஸ்ட், டெக்னாலஜிஸ்ட், டிராஃப்ட்ஸ்பர்சன். கட்டடம் எவ்வளவு சிக்கலானது என்பதைப் பொறுத்து எந்தப் படி வரை தேவை என்பது மாறும். ஒரு சாதாரண வீட்டுக்கு டிராஃப்ட்ஸ்பர்சன் போதும்.

டிஜிட்டலால் வந்த ஒரு நல்ல காரியம், அந்தப் பதிவேட்டை நீங்களே வீட்டிலிருந்து தேடிப் பார்க்கலாம். பெயரையும் எண்ணையும் கேட்டு வாங்கித் தேடுங்கள். இன்னொருவர் எண்ணைக் கடன் வாங்கிப் பிளான் போடுபவர்கள் இருக்கிறார்கள். "என் மச்சான் கையெழுத்துப் போடுவான்" என்று யாராவது சொன்னால் அந்த மச்சானை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

"என்னென்ன ஃபைல் தயாராக வைக்க வேண்டும்?"

பத்திரத்தின் நகல், சர்வேயர்-ஜெனரலின் நில வரைபடம், பிளான் வரைபவருக்கு நீங்கள் கொடுக்கும் அதிகாரக் கடிதம், அவருடைய சாகாப் படிவம், பிளான். கான்கிரீட் தளமோ தாங்குசுவரோ இருந்தால் பொறியாளர் பொறுப்பேற்கும் படிவம். சான்ஸ் 10400 என்ற தென்னாப்பிரிக்கக் கட்டடத் தரநிலையின் எக்ஸ்-ஏ பகுதியின்படி ஆற்றல் சிக்கனக் கணக்கும் வேண்டும். வெந்நீரில் பாதியாவது சாதாரண மின்கம்பிச் சூடேற்றி இல்லாமல் வர வேண்டும் என்ற விதி அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு நகராட்சியும் இதோடு தன் பங்குக்கு ஒன்றிரண்டு சேர்க்கும். நில வரைபடத்தை சர்வேயர்-ஜெனரலின் இணையதளத்திலேயே எடுக்கலாம். உங்கள் எர்ஃபுக்கு, அதாவது மனைக்கு, 21 இலக்கக் குறியீடு ஒன்று இருக்கும். அதை ஒரு முறை கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தை மறக்காதீர்கள். பிளானில் புதுச் செங்கல் சுவர் சிவப்பு, புதுக் கான்கிரீட் பச்சை, இரும்பு நீலம், மரம் மஞ்சள், ஏற்கெனவே இருப்பது சாம்பல். கையால் தீட்டிய காலத்து மரபு கணினியிலும் அப்படியே நிற்கிறது. ஒரு மாமா அழகான வண்ணப் பிளானை மூலைக்கடையில் கொடுத்துக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் பண்ணி ஏற்றிவிட்டார். எது பழைய சுவர், எது புதுச் சுவர் என்று யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்தது. வரையும் மென்பொருளிலிருந்தே நேராக பி.டி.எஃப். எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை, அளவுகளும் மங்காது.

"எங்கள் வீட்டின் பழைய பிளான் கவுன்சிலில் இல்லையாம். அது இல்லாமல் புதுசு வாங்க மாட்டார்களாம். என்ன செய்வது?"

உண்மையான தலைவலி இதுதான். போர்ட்டலைக் கண்டு பயப்படுகிறார்கள், ஆனால் நான் பார்த்த கோப்புகளில் பாதி தேங்கியது இந்த இடத்தில். சாட்ஸ்வர்த் வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் வெளியேற்றப்பட்டவர்களைக் குடியமர்த்த 1960களில் மாநகராட்சி கட்டிய வரிசை வீடுகள், நடுச்சுவரைப் பங்கிடும் இரட்டை வீடுகள். அப்புறம் தாத்தா பின்னால் ஒரு அறை போட்டார், அப்பா காரேஜ் போட்டார், அண்ணன் காரேஜ் மேல் மாடி போட்டார். மூன்று தலைமுறைக் கட்டடம், ஆனால் கவுன்சில் ஆவணத்தில் முதல் நான்கு அறை மட்டும் இருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது.

முதலில் ஆவணப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். பழைய பிளான்கள் பல மைக்ரோஃபிலிமில் இருந்து ஸ்கேன் ஆகியிருக்கின்றன. எர்ஃப் எண் மாறியிருந்தால் பழைய எண்ணிலும் தேடச் சொல்லுங்கள். ஒரு வீட்டுக்கு நான் நான்கு மாதம் தேடியதும் இப்படித்தான் கிடைத்தது: நிலம் பிரிக்கப்படுவதற்கு முந்தைய எண்ணில், பக்கத்து வீட்டுக் கோப்புக்குள். கிடைக்கவே இல்லை என்றால் "இல்லை" என்பதையே எழுத்தில் வாங்கிக்கொண்டு, வீட்டை இப்போது நிற்கிறபடி அளந்து வரைந்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விண்ணப்பமாகப் போட வேண்டும்.

ஜோஹானஸ்பர்க்காரர்களுக்கு இந்த வலி நன்றாகத் தெரியும். 2023 செப்டம்பரில் பிராம்ஃபான்டெய்ன் மெட்ரோ சென்டரில் தீப்பிடித்து அந்தக் கட்டடம் மூடப்பட்டது. உள்ளே இருந்த பிளான் ஆவணங்களை எடுக்க வழியில்லாமல் வீடு விற்பவர்கள், கட்டுபவர்கள் எல்லோரும் தவித்தார்கள். உங்களிடம் ஒரு பழைய பிளான் இருந்தால் இன்றைக்கே போட்டோ எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கிற காகிதத்தை நம்பாதீர்கள்.

"அப்லோட் பண்ணி ஒரு மாதம் ஆகிவிட்டது. 30 நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே?"

இருக்கிறது. 7ஆம் பிரிவின்படி கட்டடப் பரப்பு 500 சதுர மீட்டருக்குக் குறைவு என்றால் 30 நாள், அதற்கு மேல் 60 நாள். ஆனால் நகராட்சி கணக்கை எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். கட்டணம் கட்டி, எல்லாக் காகிதமும் சரி என்று ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. "குறை உள்ளது" என்று திருப்பி அனுப்பிய கோப்புக்குக் கடிகாரம் ஓடுவதாக அவர்கள் நினைப்பதில்லை.

இங்கேதான் போர்ட்டல் உங்கள் பக்கம் நிற்கும். 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டப்படி, செய்தி முழுமையாக அவர்கள் கணினிக்குள் போய்ச் சேர்ந்த நேரமே பெற்ற நேரம். ஏற்றிய நாளின் ரசீது, தானாக வரும் ஈமெயில், திரையின் படம் எல்லாவற்றையும் வைத்திருங்கள். கவுண்டரில் கொடுத்த காலத்தில் "உங்கள் ஃபைல் வரவே இல்லையே" என்றால் நம்மிடம் பேச்சில்லை. இப்போது இருக்கிறது.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: 30 நாள் மௌனமாக இருந்தால் அனுமதி கிடைத்ததாக ஆகாது. இப்படி நம்பிக் கட்டியவர் ஒருவரை எனக்குத் தெரியும். தாமதத்தைக் கேள்வி கேட்க வழி உண்டு. 2000ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டத்தின் கீழ் முடிவு எடுக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். அவசரம் என்றால் 7ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவில் தற்காலிக அனுமதி கேட்கலாம். மறுத்தால் திருத்தி ஓராண்டுக்குள் மீண்டும் போட்டால் புதுக் கட்டணம் இல்லை. பாஸ் ஆன பிளானுக்கும் ஆயுள் உண்டு: 12 மாதத்தில் வேலை தொடங்காவிட்டால், நீட்டிப்பும் வாங்காவிட்டால், காலாவதி.

"கம்ப்யூட்டரே பிளானைப் பார்த்துப் பாஸ் பண்ணிவிடுகிற காலம் வந்துவிட்டதா?"

சிங்கப்பூர் அந்தப் பக்கம் வெகுதூரம் போய்விட்டது. அங்கே 2023 டிசம்பரில் தொடங்கிய கோர்நெட் எக்ஸ் என்ற அமைப்பில் பிளானைப் படமாகத் தருவதில்லை, கட்டடத்தின் முப்பரிமாண மாதிரியையே தருகிறார்கள். கதவு அகலம், படிக்கட்டு உயரம், வெளியேறும் தூரம் போன்றவற்றைக் கணினி சரிபார்க்க அது வழி செய்கிறது. எண்ணால் சொல்லக்கூடிய விதிகளுக்கு இது நல்ல முறை. களைத்துப்போன அலுவலரின் கண்ணுக்குத் தப்புவது கணினிக்குத் தப்பாது.

இங்கே சட்டம் வேறு மாதிரி நிற்கிறது. 5ஆம் பிரிவு ஒவ்வொரு உள்ளூராட்சியிலும் தகுதியுள்ள கட்டடக் கட்டுப்பாட்டு அலுவலரை நியமிக்கச் சொல்கிறது. அவர் பரிந்துரைக்க வேண்டும், முடிவெடுப்பவர் தன் மனசுக்குத் திருப்திப்பட வேண்டும். 2008இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வலேலே எதிர் கேப்டவுன் நகரம் என்ற வழக்கில் இதைத்தான் பிடித்துக்கொண்டது. நான்கு மாடிக் குடியிருப்புக்குக் கொடுத்த அனுமதி அது. அலுவலரின் பரிந்துரை என்று காட்டப்பட்டது படிவத்தில் ஒரு கையொப்பம் மட்டும். அது போதாது என்று நீதிமன்றம் சொல்லி அனுமதியை ரத்து செய்தது. கையொப்பத்துக்கே இந்த நிலை என்றால், திரையில் பச்சை டிக் விழுந்ததால் மட்டும் பாஸ் என்று யாரும் சொல்ல முடியாது. கணினி குறை சொல்லட்டும், பொறுப்பேற்க ஆள் வேண்டும்.

"சென்னையில் என் தம்பி வீட்டிலிருந்தே உடனே அனுமதி வாங்கிவிட்டான். இங்கே ஏன் இழுக்கிறார்கள்?"

உங்கள் தம்பி வாங்கியது சுயசான்று அனுமதி. தமிழ்நாடு அரசு 2024 ஜூலை 22இல் அதைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள வீடு என்றால் விதிப்படி இருக்கிறது என்று நீங்களே உறுதி கூறி, கட்டணம் கட்டி, உடனே எடுத்துக்கொள்ளலாம். தவறு இருந்தால் அதுவும் உங்கள் தலையில்தான். இங்கே அப்படிப்பட்ட சுயசான்று இல்லை. எனக்கு அதில் பெரிய வருத்தமும் இல்லை. டர்பன் சரிவுகளில் யாரும் பார்க்காமல் வீடு எழுவதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

"கார்போர்ட், கருவி அறை, மதில் சுவர், இதற்கெல்லாமா பிளான்?"

இவை "சிறு கட்டட வேலை" என்ற வகை. பக்கங்கள் திறந்த கார்போர்ட் 40 சதுர மீட்டர் வரை, கருவிக் கொட்டகை 10 வரை, கோழிக் கூண்டு 10 வரை, 1.8 மீட்டர் உயரத்துக்கு மேல் போகாத தனி மதில், வீட்டு நீச்சல் குளம். 13ஆம் பிரிவின்படி முழுப் பிளானிலிருந்து விலக்குக் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும், தானாக வராது. ஒரு பக்கக் கடிதமும் சின்னப் படமும் பெரும்பாலும் போதும்.

"இன்ஸ்பெக்டர் வருவதற்குப் பதில் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் போதாதா?"

விதியில் இருப்பது இது: கட்டத் தொடங்குவதற்கு 4 வேலை நாள் முன்பு அறிவிப்பு, அஸ்திவார வாணம் தயார் என்றால் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் பார்க்க 2 வேலை நாள் அறிவிப்பு. சாக்கடைக் குழாயையும் மண் மூடும் முன் காட்ட வேண்டும். அறிவிப்பை ஈமெயிலில், போர்ட்டலில், செயலியில் கொடுக்கலாம், அது நல்ல மாற்றம். இன்ஸ்பெக்டர்களும் இப்போது டேப்லெட்டில் அந்த இடத்திலேயே குறிப்பு எழுதிப் படம் எடுக்கிறார்கள். முன்பு சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டு போவார்கள், அப்புறம் தேடினால் கிடைக்காது.

ஆனால் வாணத்தைப் போட்டோ காட்டாது. அவர் வந்தால் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? குச்சியால் அடியில் குத்திப் பார்ப்பார். மண்ணைக் கையில் எடுத்துப் பிசைவார். இந்தக் கடற்கரை ஓரத்தில் 'பெரியா' என்று பெயருள்ள சிவப்பு மணல் நிறைய. காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும், பாறை மாதிரி இருக்கும். தண்ணீர் இறங்கினால் அதே மண் பலமிழந்து அமுங்கும், கரைந்தும் ஓடும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் செத்தார்கள், சரிவுகள் வீட்டோடு இறங்கின. படத்தில் அந்த மண் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலோ பிரிட்டோரியா பக்கம் லாடியத்திலோ இருப்பவர்களுக்கு வேறு கவலை, அங்கே அடியில் நீரில் கரையும் டோலமைட் பாறை. நீர் கசிந்தால் குழி விழும். மண் ஆய்வு இல்லாமல் அங்கே பேச்சே இல்லை.

அதற்காகப் போட்டோ எடுக்காமல் இருக்காதீர்கள். வாணத்தில் டேப் வைத்து ஆழம் தெரிய, கம்பி கட்டிய இடைவெளி தெரிய, பின்னால் வீடு அடையாளம் தெரிய, தேதியோடு எடுங்கள். நேரில் பார்ப்பதற்கு மாற்றாக அது ஆகாது. பின்னால் சண்டை வந்தால் சாட்சியாக நிற்கும்.

"இன்ஸ்பெக்டர் வருகிறேன் என்றார், வரவில்லை. மழை வருகிறது. கான்கிரீட் லாரி வாசலில் நிற்கிறது. ஊற்றிவிடலாமா?"

ஊற்றாதீர்கள். லாரியை இன்ஸ்பெக்டர் பார்த்த பிறகு அழையுங்கள், முந்தாதீர்கள். பொறியாளர் உங்கள் வேலையில் இருந்தால் அவரை வரச்சொல்லி எழுத்தில் வாங்குங்கள், அதை அப்போதே நகராட்சிக்கும் அனுப்புங்கள். அவர் எழுதிக் கொடுத்தாலும் நகராட்சி பார்க்க வேண்டியது மிச்சம்தான். மூடிய அஸ்திவாரத்தைத் தோண்டிக் காட்டச் சொன்னால் அந்தச் செலவு லாரி வாடகையைவிட அதிகம்.

"பின்னால் போட்ட அறை தெருவிலிருந்து தெரியாது. வானத்திலிருந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்களா?"

கண்டுபிடிக்க முடியும். 2004ஆம் ஆண்டின் நகராட்சிச் சொத்துவரிச் சட்டம், மதிப்பீட்டுக்கு வான்வழிப் புகைப்படத்தையும் கணினி மதிப்பீட்டையும் பயன்படுத்தலாம் என்று பெயர் சொல்லியே இடம் கொடுக்கிறது. பெரிய நகராட்சிகள் அந்தப் படங்களை இணைய வரைபடத்திலேயே போட்டிருக்கின்றன. உங்கள் எர்ஃபைத் தட்டிப் பாருங்கள், அந்தத் தகரக் கூரை உங்களுக்கே தெரியும். இரண்டு வருடப் படத்தை அடுத்தடுத்து வைத்தால் எப்போது வந்தது என்பதும் தெரியும். வரி ஏறியதால் அனுமதி கிடைத்ததாக நினைக்காதீர்கள், அது வேறு துறை. வரி கட்டிய ரசீதைப் பிளானாக நீட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கூரை பார்க்க ட்ரோன் பறக்கவிடலாமா என்றும் கேட்கிறார்கள். சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் 2015ஆம் ஆண்டு விதிப்படி அடுத்தவர் வீட்டுக்கும் ஆட்களுக்கும் 50 மீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கக்கூடாது. சாட்ஸ்வர்த்தில் 50 மீட்டருக்குள் பத்து வீடு இருக்கும்.

"அனுமதியில்லாமல் முன்பே கட்டிவிட்டோம். இப்போது போர்ட்டலில் போட்டால் நானே என்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகுமே?"

நியாயமான பயம். ஆனால் மேலே சொன்னபடி கூரை ஏற்கெனவே படத்தில் இருக்கிறது. வீடு விற்கும்போது, வங்கிக் கடன் வாங்கும்போது வாங்குபவர் பிளான் கேட்பார். அப்போது அவசரத்தில் செய்வதைவிட இப்போது நிதானமாகச் செய்வது மலிவு. நிற்கிறபடி வரைந்து விண்ணப்பிக்கலாம். பொறியாளர் வந்து தளத்தைத் தட்டி, தேவைப்பட்டால் துளைபோட்டுப் பார்ப்பார். எல்லைக் கோட்டை மீறியிருந்தால் தளர்வு கேட்க வேண்டும், பக்கத்து வீட்டார் கையெழுத்து பெரும்பாலும் தேவைப்படும். இரட்டை வீட்டில் நடுச்சுவர் மேல் ஏறியிருந்தால் முதலில் பலகாரத்தோடு அங்கே போங்கள், போர்ட்டல் அப்புறம்.

காப்பாற்ற முடியாதவையும் உண்டு. நகராட்சிக் குழாய் போக உரிமை ஒதுக்கிய நிலப்பட்டை (செர்விட்யூட்) மேல் கட்டியது அதில் ஒன்று. நீதிமன்றம் இரங்கும் என்று எண்ணாதீர்கள். கிழக்கு கேப்பில் கென்டன்-ஆன்-சீ ஊரில் அனுமதியில்லாத ஒரு பெரிய வீட்டு வழக்கு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 21ஆம் பிரிவின் கீழ் சட்டவிரோதக் கட்டடம் என்று நிரூபணமானால் இடிக்க உத்தரவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று 2013இல் தீர்ப்பு வந்தது.

"பில்டர் என்.எச்.பி.ஆர்.சி. நம்பர் காட்டினார். அது இருந்தால் கவுன்சில் அனுமதி இருக்கிற மாதிரிதானே?"

இல்லை. அது 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த வீடு கட்டுவோர் பதிவு மன்றம். புது வீட்டை வேலை தொடங்க 15 நாள் முன்பே அங்கே பதிவு செய்ய வேண்டும். அதனால் கட்டமைப்புக் குறைக்கு 5 ஆண்டு, கூரை ஒழுகலுக்கு ஓராண்டு உத்தரவாதம் கிடைக்கும். பிளான் பாஸ் என்பது நகராட்சி தருவது. இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. பில்டரின் பதிவையும் இணையத்தில் தேடலாம், சாகாப் பற்றி மேலே சொன்ன மாதிரியே.

பதிவு எண் சுவரைத் தாங்காது என்பதற்கு ஜார்ஜ் நகரம் இருக்கிறது. 2024 மே 6ஆம் தேதி அங்கே கட்டிக்கொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடம் சரிந்து 34 பேர் இறந்தார்கள். பதிவு செய்த விதத்திலேயே முறைகேடு, பாதுகாப்பு அலுவலர் கவலை சொல்லி விலகியும் வேலை நிற்கவில்லை என்று விசாரணைகளில் வந்தது. அதன் பிறகுதான் கட்டட விதிமுறைப் பொறுப்பை வணிக அமைச்சகத்திலிருந்து பொதுப்பணி அமைச்சகத்துக்கு மாற்றும் வேலை வேகம் பிடித்தது. காகிதத்தில் எல்லாம் இருந்தது, எச்சரித்தவர் சொன்னதைக் கேட்டு வேலையை நிறுத்த ஆளில்லை.

"கோயிலுக்குக் கூடம் கட்டுகிறோம், எல்லாம் பக்தர்கள் உழைப்பு. அதற்கும் இத்தனையும் வேண்டுமா?"

வேண்டும், வீட்டைவிடக் கூடுதலாக. கூட்டம் கூடும் கட்டடத்துக்குத் தீயணைப்பு விதி கடுமை, பொறியாளர் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் குடியிருப்பு வகையில் இருந்தால் முதலில் நிலப் பயன்பாட்டு ஒப்புதல், அது தனி விண்ணப்பம், தனிக் காலம், அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்கவும் இடம் உண்டு. பிளானை மட்டும் ஏற்றிவிட்டுக் காத்திருக்கும் குழுக்களைப் பார்க்கிறேன், அது நகராது.

டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் 2013 நவம்பர் 19இல் கட்டிக்கொண்டிருந்த கடைவளாகம் விழுந்து 2 பேர் இறந்தார்கள், 29 பேர் காயம். பிளான் அனுமதி இல்லை, வேலையை நிறுத்த நீதிமன்ற உத்தரவும் இருந்தது. 2025 டிசம்பரில் வெருலம் பக்கம் ரெட்கிளிஃபில் கட்டிக்கொண்டிருந்த கோயிலே இடிந்து உயிர்கள் போயின. அதற்கு அனுமதிபெற்ற பிளான் இல்லை என்றது நகராட்சி. நம் ஆட்கள், நம் ஊர். இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

"வேலை முடிந்தது. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சலாமா?"

குடிபுகும் சான்றிதழ் வாங்கிய பிறகு. 14ஆம் பிரிவின்படி நீங்கள் கேட்ட 14 நாளில் நகராட்சி தர வேண்டும் அல்லது ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும். மின்சாரச் சான்று, குழாய்ச் சான்று, கூரைச் சட்டம், கண்ணாடி, பொறியாளரின் முடிவுச் சான்று என்று எல்லாம் பி.டி.எஃப்.ஆக ஏற வேண்டும். எலக்ட்ரீஷியன் கடைசித் தவணை வாங்கியதும் காணாமல் போவார், அதனால் சான்றை வாங்கிக்கொண்டே பணம் கொடுங்கள். நாள் முன்பே குறித்துவிட்டீர்கள் என்றால் தற்காலிக அனுமதி கேட்க அதே பிரிவில் வழி இருக்கிறது.

"எங்கள் ஆயாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஒருவர் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன், ஈமெயிலும் பாஸ்வேர்டும் கொடுங்கள் என்கிறார். கொடுக்கலாமா?"

அதிகாரக் கடிதம் கொடுங்கள், பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள். போர்ட்டலில் உரிமையாளர் பெயரிலோ பேரன் பேத்தி பெயரிலோ ஒரு ஈமெயில் இருக்க வேண்டும், எல்லா அறிவிப்பும் அங்கே வர வேண்டும். ஏஜென்ட் தன் ஈமெயிலை மட்டும் போட்டுவிட்டால் "குறை உள்ளது" என்ற கடிதம் அவரிடமே தூங்கும், நீங்கள் கவுன்சிலைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒரு பாட்டிக்கு இப்படி பதினோரு மாதம் போனது. கோப்பைத் திறந்து பார்த்தால் கேட்டிருந்தது ஒரே ஒரு கையெழுத்து.

அடையாள அட்டை நகல், பத்திரம் எல்லாம் அவர் போனில் இருக்கும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, ஆனால் போன் தொலைந்தால் சட்டம் தேடித் தராது. நகலின் குறுக்கே "பிளான் விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று எழுதிக் கொடுங்கள். கட்டணத்தை ஏஜென்ட் கணக்கில் போடாமல் நகராட்சி கொடுத்த குறிப்பு எண்ணுக்கு நேராகக் கட்டுங்கள். வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று ஈமெயில் வந்தால் நகராட்சித் தளத்தில் உள்ள எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள், ஈமெயிலில் இருக்கிற எண்ணுக்குப் போடாதீர்கள்.